கம்பியில் இடித்த துப்பாக்கி

எங்கள் ஊர்ப் படங்களின் டைட்டிலில் 'ஸ்பெஷல் எபெக்ட்ஸ்' என்று ஒரு பெயர் வரும். குண்டு வெடிக்கவைக்கிறவர், மழை பொழியவைக்கிறவர் என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். கோடம்பாக்கத்தில் அந்த கார்டு வெகு காலம் சத்தக்காரர்களுக்குத்தான் சொந்தம். கதாநாயகன் படியேறும் செருப்பு, கதாநாயகியின் வளையல், வில்லன் வாங்கும் அறை, குதிரை ஓடக் கொட்டாங்குச்சி, எலும்பு முறிய முருங்கைக்காய். திரையில் படத்தை ஓடவிட்டு, ஒரு மைக்குக்கு முன்னால் நின்று, அதற்கு ஒத்தபடி நாங்கள் நடப்போம், விழுவோம், அடி வாங்குவோம். அந்த வேலையில் எடுபிடியாகச் சேர்ந்து, அதிலேயே தலை நரைத்தவன் நான்.

அதனால் 'டெர்மினேட்டர் 2: ஜட்ஜ்மென்ட் டே' படத்தைப் பற்றி நான் எழுதினால் அது காது எழுதுகிற கட்டுரையாகத்தான் இருக்கும். 1991இல் வந்த படம். எங்கள் பக்கம் வந்தபோது என் ஆசான்தான் மவுண்ட் ரோடு தியேட்டருக்குக் கூட்டிப்போனார். ஆசான் என்று எழுதுகிறேனே தவிர, ஸ்டூடியோவில் எல்லாருக்கும் அவர் 'அண்ணன்'.

பாதிப் படத்தில் ஒரு காட்சி. மனநோய் மருத்துவமனையின் தாழ்வாரம், நடுவே இரும்புக் கம்பிக் கதவு. போலீஸ் உடுப்பில் ஒல்லியாக ஒருவன் வருகிறான். கதவைத் திறக்கவில்லை. நடந்தே உள்ளே வருகிறான். முகம் கம்பிகளுக்கு நடுவே பிளந்து, வழிந்து, இந்தப் பக்கம் வந்து ஒன்றுகூடுகிறது. மார்பு வந்துவிட்டது, இடுப்பு வந்துவிட்டது, கால் வந்துவிட்டது. கை மட்டும் நிற்கிறது. கையில் பிடித்திருக்கும் துப்பாக்கி குறுக்காகக் கம்பியில் இடிக்கிறது. 'டிங்'. அவன் திரும்பிப் பார்த்து, மணிக்கட்டைத் திருப்பி, துப்பாக்கியை நேராக்கி இழுத்துக்கொள்கிறான்.

தியேட்டரே வாய் பிளந்து உட்கார்ந்திருந்தது. அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"கேட்டியாடா?"

"என்னண்ணே?"

"துப்பாக்கி இடிச்சுதுடா."

எனக்கு அந்த முகம் வழிந்ததுதான் தெரிந்தது. துப்பாக்கி இடித்தது தெரியவில்லை. மறுநாள் மேட்னிக்கு என் காசில் போய் அதைக் கேட்டுவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு கேசட்டில், சிடியில், டிவிடியில், இப்போது பேரனின் செல்போனில் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. முப்பது வருடத்துக்கும் மேலாக இந்தப் படம் ஏன் பழசாகவில்லை என்று யார் கேட்டாலும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த 'டிங்'தான்.

யோசித்துப் பாருங்கள். ஒருவன் உருகிக் கம்பிக்குள் நுழைகிறான் என்றால் அது பொய் என்று மூளைக்குத் தெரியும். ஆனால் அவன் கையில் இருக்கிற துப்பாக்கி உருகாது, அது கடையில் விற்கிற இரும்பு, அது மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். அந்த நியாயம் வந்து இடித்த நொடியில் முன்னால் சொன்ன பொய் முழுக்க உண்மையாகிவிடுகிறது. சாமியாடுகிறவர் சிகரெட் கேட்டால் ஊர் இன்னும் பயப்படும் அல்லவா, அந்த மாதிரி.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1984இல் முதல் 'டெர்மினேட்டர்' வந்தது. எடுத்தவர் ஜேம்ஸ் கேமரூன். ரோம் நகரத்தில் காய்ச்சலோடு படுத்திருந்தபோது, நெருப்பிலிருந்து ஒரு உலோக எலும்புக்கூடு எழுந்து வருவதாகக் கனவு கண்டாராம். அதுதான் விதை. வருங்காலத்தில் இயந்திரங்களுக்கும் மனிதர்களுக்கும் சண்டை. மனிதர்களின் தலைவன் பிறக்கவே கூடாது என்று, அவனுடைய அம்மா ஆகப்போகிற சாரா கானர் என்ற பெண்ணைக் கொல்ல, மனிதத் தோல் போர்த்திய இயந்திரம் ஒன்று பின்னோக்கி அனுப்பப்படுகிறது. அந்த இயந்திரம் அர்னால்டு. சுமார் 64 லட்சம் டாலரில் எடுத்த சின்னப் படம். நைட் எபெக்டில், சந்து பொந்தில், பயமுறுத்துகிற படம்.

ஏழு வருடம் கழித்து இரண்டாவது பாகம். இதற்குச் சுமார் 10 கோடி டாலர். அன்றைக்கு உலகத்திலேயே அதிகச் செலவில் எடுத்த படம் இதுதான். காசு இத்தனை மடங்கு ஆகிவிட்டால் பொதுவாக என்ன செய்வார்கள்? முதல் படத்தில் ஒருவன் அடித்தான் என்றால் இதில் பத்துப் பேர் அடிப்பார்கள். கேமரூன் செய்தது வேறு. முதல் படம் நம் மனதில் விட்டுவிட்டுப் போன பயத்தையே முதலாக எடுத்துக்கொண்டார். அர்னால்டு என்றால் சாவு என்று பழக்கிவைத்திருக்கிறார் அல்லவா? இதில் அதே முகம், அதே கறுப்புத் தோல் ஜாக்கெட், ஆனால் காப்பாற்ற வந்திருக்கிறது. கொல்ல வந்திருப்பவன் போலீஸ் உடுப்பில், அடக்கமாக, மரியாதையாகப் பேசுகிறான்.

ஆரம்பத்தில் அரை மணி நேரத்துக்கு யார் யாரென்றே படம் சொல்லாது. இருவரும் சாராவின் மகன் ஜானைத் தேடுகிறார்கள், அவ்வளவுதான். ஒரு வணிக வளாகத்தின் பின்பக்கத் தாழ்வாரத்தில் பையன் நடுவில் மாட்டிக்கொள்கிறான். அந்தப் பக்கம் அர்னால்டு, கையில் ரோஜாப்பூ வைத்த நீளப் பெட்டி. பெட்டிக்குள்ளிருந்து துப்பாக்கி வருகிறது, ரோஜாக்கள் தரையில் விழுகின்றன, பூட்ஸ் அவற்றை மிதித்து வருகிறது. குண்டு பையனைத் தாண்டி மற்றவன் மேல் பாயும்போதுதான் நமக்கு விஷயமே புரியும்படி எழுதியிருக்கிறார்கள். ஆனால் விளம்பரத்திலேயே அர்னால்டு நல்லவர் என்று போட்டு உடைத்துவிட்டார்கள். எழுதினவன் பொத்திவைத்ததை விற்கிறவன் தெருவில் கொட்டுவது எல்லா ஊரிலும் உண்டு போலிருக்கிறது. விஷயம் தெரிந்து பார்த்தாலும் அந்தத் தாழ்வாரத்தில் எனக்கு இன்னும் கை வியர்க்கும். அதற்குக் காரணம் சத்தம்.

கண்ணை மூடிக்கொண்டு இந்தப் படத்தைக் கேட்டுப் பாருங்கள். அர்னால்டின் இயந்திரம் சத்தமான இயந்திரம். தோல் ஜாக்கெட் கரகரக்கும். பூட்ஸ் தரையை அழுத்தும். ஹார்லி டேவிட்சன் அடிவயிற்றிலிருந்து உறுமும். துப்பாக்கியை ஒரு கையால் சுழற்றிக் குண்டேற்றும்போது இரும்பின் எல்லா மூட்டும் பேசும். வாய்ப்பேச்சு மட்டும் கம்மி, மொத்தமே 700 சொல்தான் இருக்கும் என்று எண்ணிச் சொல்கிறார்கள். எதிரியான டி-1000 அப்படியே நேர்மாறு. வருவது தெரியாது. காரைத் துரத்தி ஓடுகிறான், ஆனால் மூச்சு வாங்குகிற சத்தமே கிடையாது. நடித்த ராபர்ட் பேட்ரிக் வாயை மூடிக்கொண்டு மூக்கால் மட்டும் மூச்சு விட்டு ஓடப் பழகினாராம், சுடும்போது கண் இமைக்காமல் இருக்கவும் பழகினாராம். பழைய இரும்புக்குச் சத்தம் இருக்கிறது, புது உலோகத்துக்குச் சத்தம் இல்லை. எது நம் வீட்டுப் பொருள், எது வேற்றாள் என்று காது உடனே பிரித்துவிடுகிறது. டவுன் பஸ்ஸில் தூங்குகிறவன் இன்ஜின் நின்றால்தான் விழிப்பான். அந்தப் பயத்தைத்தான் டி-1000 வருகிற இடமெல்லாம் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அவன் உருகும்போது மட்டும் சத்தம் வேண்டும். என்ன சத்தம் கொடுப்பீர்கள்? பாதரசம் மாதிரி ஒரு பொருள், ஆனால் உயிரோடு நடக்கிறது. யாருமே கேட்டிராத சத்தம். இதைச் செய்தவர் கேரி ரைட்ஸ்ட்ராம் என்ற சத்தக்கலைஞர். மாவைத் தண்ணீரில் கொழகொழவென்று கரைத்து, அதில் காற்று பீய்ச்சும் டப்பாவை வைத்து அடித்துக் குமிழ் விடவைத்திருக்கிறார். மைக் நனையாமல் இருக்க அதற்கு ஆணுறை மாட்டி அந்தக் கரைசலுக்குள்ளேயே முக்கியிருக்கிறார். குண்டு அந்த உடம்பில் இறங்கும் சத்தத்துக்கு, ஒரு கண்ணாடித் தம்ளரைக் கவிழ்த்துத் தயிரில் 'தப்' என்று இறக்கியிருக்கிறார். கம்பிக்குள் நுழைகிற அந்தப் புகழ்பெற்ற காட்சிக்கு? டப்பாவில் அடைத்த நாய் உணவைக் கவிழ்த்தால், அது உடனே விழாது, காற்று புக வழியில்லாமல் மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொண்டு கீழே வழியும். அந்தச் சத்தம்தான்.

உலகத்திலேயே விலை உயர்ந்த கணினிப் படத்துக்கு நாய்ச் சோறு பின்னணி கொடுத்திருக்கிறது. இதை நான் படித்தது பல வருடம் கழித்து. அன்றைக்கு அண்ணன் உயிரோடு இல்லை. இருந்திருந்தால் ஸ்டூடியோ வாசலில் நின்று ஊரைக் கூட்டியிருப்பார். கொட்டாங்குச்சிக்காரன் என்று எங்களைக் கிண்டல் செய்த ஆட்கள் அப்போது நிறைய.

இசையும் அப்படித்தான் பிறந்திருக்கிறது. பிராட் ஃபீடல் முதல் படத்துக்கு அந்த 'டங் டங்' தாளத்தை அமைத்தபோது, உலோக அடிக்காக ஒரு இரும்பு வாணலியை மைக்குக்கு முன்னால் தட்டியிருக்கிறார். சிந்தசைசரில் அந்தத் தாளத்தைச் சுற்றவிடும்போது கை கொஞ்சம் முந்திவிட்டது. கணக்கு நேராக வராமல் 13இல் போய் விழுந்துவிட்டது. அவர் அதைத் திருத்தவில்லை. அதுதான் இன்றைக்கும் நொண்டிக்கொண்டே முன்னேறுகிற மாதிரி கேட்கிறது. நம் ஊர் மிருதங்கக்காரரிடம் போட்டுக்காட்டினால் தொடையில் தட்டி எண்ணிவிட்டு, "யாருப்பா இது, தெரிஞ்சு போட்டானா தெரியாம போட்டானா?" என்றுதான் கேட்பார். இரண்டாவது பாகத்தில் டி-1000க்காக ஊதுகருவிக்காரர்கள் வாசித்ததைப் பதிந்து, வேகத்தைக் குறைத்து இழுத்திருக்கிறார். ஒரு பெரிய மிருகம் தூக்கத்தில் முனகுகிற மாதிரி இருக்கும்.

இந்தப் படம் கணினி செய்த மாயம் என்று பெயரெடுத்துவிட்டது. கணக்கைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 137 நிமிடப் படத்தில் கணினியில் உருவாக்கியது ஏறத்தாழ ஐந்து நிமிடம். இரண்டு வருடம் முன்பு 'தி அபிஸ்' என்ற படத்தில் தண்ணீரே பாம்பு மாதிரி எழுந்து வந்து முகம் காட்டும் ஒரு காட்சியைக் கேமரூன் வைத்தார். அது ஒத்திகை. அது நடந்தது என்றதும் உலோகத்தையே நடக்கவிடலாம் என்று துணிந்தார். இண்டஸ்ட்ரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் டென்னிஸ் மியூரன் குழு பேட்ரிக்கின் உடம்பில் கட்டம் கட்டமாகக் கோடு வரைந்து, அவரை ஓடவைத்துப் படமெடுத்து, அந்தக் கோடுகள் அசைவதைப் பார்த்துக் கணினியில் உடம்பைக் கட்டினார்கள். ஒரு சில நொடிக்கே மாதக்கணக்கில் வேலை. அதனால் எந்த இடத்தில் வைத்தால் அடி விழும் என்று அளந்து அளந்துதான் செலவழிக்க முடிந்தது.

மிச்சமெல்லாம் கைவேலை. குண்டு பட்டதும் மார்பில் வெள்ளிப் பூ மாதிரி விரிகிறதே, அது ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறையில் செய்தது. சட்டைக்குள் மடக்கிவைத்த வெள்ளி பூசின இதழ்கள், பின்னால் ஸ்பிரிங். விசையை விட்டால் சட்டையைக் கிழித்துக்கொண்டு விரியும். தலை இரண்டாகப் பிளந்து தொங்குவது பொம்மை. துரத்தும் லாரி நிஜம். ராத்திரித் துரத்தலில் பாலத்துக்கு அடியில் நுழைந்து போகிற ஹெலிகாப்டரும் நிஜம். கேமரூன் முன்பு லாரி ஓட்டியவர், பிறகு ரோஜர் கார்மனின் சிக்கன கம்பெனியில் மினியேச்சர் செய்து தொழில் பழகியவர். எடையுள்ள பொருள் எப்படி நகரும் என்று அவர் கைக்குத் தெரியும். சாராவின் கனவில் லாஸ் ஏஞ்சல்ஸ் அணுகுண்டில் பறப்பதும் மினியேச்சர்தான். இடிகிற கட்டடத்துக்குள் யூதர்கள் சாப்பிடும் மாட்சா ரொட்டியையும் காலை உணவுக் கோதுமைச் சீவலையும் போட்டு நிரப்பியிருந்தார்கள், தூள் தூளாகப் பறக்கவேண்டும் என்பதற்காக. அப்பளத்தை நொறுக்கித் தீ எரியவைத்த எனக்கு இதில் அந்நியமே தோன்றவில்லை.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கூத்து ஒன்று உண்டு. நம் ஊரில் இரட்டை வேடம் என்றால் ஒரு நடிகரை இரண்டாக்குவோம். லென்ஸில் பாதியை மறைத்து, ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபடி எடுத்து, எம்.ஜி.ஆரையும் சிவாஜியையும் அவர்களோடே பேசவைத்தோம். கேமரூன் தலைகீழாகச் செய்தார். இரண்டு பேரைக் கொண்டு ஒருவரைக் காட்டினார். மருத்துவமனையில் காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் காவலாளியின் உருவத்தை டி-1000 எடுத்துக்கொள்வான். இருவரும் எதிரெதிரே நிற்கும் இடத்தில் கணினி இல்லை, டான் ஸ்டான்டனும் அவர் கூடப்பிறந்த டேன் ஸ்டான்டனும்தான். அசல் இரட்டையர். சாராவாக நடித்த லிண்டா ஹாமில்டனுக்கும் லெஸ்லி என்ற இரட்டைச் சகோதரி. உருக்காலையில் இரண்டு சாரா நிற்கும் இடத்தில் அவர் வருகிறார்.

தியேட்டர் பிரதியில் வெட்டிவிட்டு, பிறகு வந்த நீளமான பதிப்பில் சேர்த்த காட்சி ஒன்றில் இது இன்னும் அழகு. கண்ணாடிக்கு முன்னால் அர்னால்டை உட்காரவைத்து, சாரா அவர் மண்டையைத் திறந்து சில்லை எடுக்கவேண்டும். கேமரா கண்ணாடியில் தெரிந்துவிடுமே? கண்ணாடியே வைக்கவில்லை. சுவரில் ஓட்டை. இந்தப் பக்கம் முதுகு காட்டி லெஸ்லியும் ஒரு அர்னால்டு பொம்மைத் தலையும். அந்தப் பக்கம், 'பிரதிபிம்பமாக', நிஜ லிண்டாவும் நிஜ அர்னால்டும். அக்கா கை தூக்கினால் தங்கை கை தூக்கவேண்டும். கிராமத்து மேடையில் போட்டாலும் எடுபடும் வித்தை. எத்தனை தடவை பார்த்தாலும் பிடிபடாது.

லிண்டாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு வருத்தமும் உண்டு. லிஃப்டுக்குள் துப்பாக்கி சுடும் காட்சி. டேக்குக்கு நடுவே காதிலிருந்த அடைப்பானை எடுத்தவர் திரும்ப வைக்க மறந்துவிட்டார். மூடிய இரும்புப் பெட்டிக்குள் வெடி. ஒரு காதின் கேட்கும் சக்தி நிரந்தரமாகப் பழுதாகிவிட்டது. காதால் சோறு தின்கிறவனுக்கு அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டுப் போக முடிவதில்லை. அவர் முகம் சுளிப்பது நடிப்பா நிஜமா என்று ஒவ்வொரு தடவையும் தேடுகிறேன்.

அவருடைய சாரா இல்லை என்றால் இந்தப் படத்தை இத்தனை வருடம் பேசியிருக்கமாட்டோம். முதல் படத்தில் ஓட்டலில் தட்டு எடுத்த பெண். இதில் முதன்முதலாகக் காட்டும்போதே, மருத்துவமனை அறையில் கட்டிலைச் சாய்த்துவைத்து அதில் தொங்கி உடம்பை மேலே இழுத்துக்கொண்டிருக்கிறார். கை நரம்பு புடைத்திருக்கிறது. வரப்போகிற அழிவைத் தெரிந்துகொண்டதால் பைத்தியம் என்று பூட்டப்பட்டவர். பிறகு, அந்த அழிவுக்குக் காரணமாகப்போகிற சில்லை உருவாக்கும் பொறியாளர் மைல்ஸ் டைசனைக் கொல்லத் தனியாகக் கிளம்புகிறார். கறுப்பு உடை, கறுப்புக் கண்ணாடி, முகத்தில் ஒன்றும் இல்லை, நடையில் தயக்கம் இல்லை. நமக்கு எங்கேயோ பார்த்த நடை. முதல் படத்து அர்னால்டின் நடை! இந்தப் பக்கம் இயந்திரம், பையன் கேட்டுக்கொண்டதால் யாரையும் கொல்வதில்லை, காலில் மட்டும் சுடுகிறது. அந்தப் பக்கம் மனுஷி இயந்திரமாகிவிட்டார். டைசனின் மகனும் மனைவியும் முன்னால் நிற்க, விசையில் விரல் வைத்த சாரா உடைந்து சுவரோரம் சரிவதில்தான் படத்தின் முதுகெலும்பு இருக்கிறது. லாரித் துரத்தல் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டைசன் கெட்டவன் இல்லை. வீட்டில் குழந்தை விளையாடக் கூப்பிட்டாலும் மேஜையை விட்டு எழாத நல்ல வேலைக்காரன். இப்போது செயற்கை அறிவு என்று பேச்செடுத்தாலே ஆளாளுக்கு இந்தப் படத்தைத் துணைக்கு இழுக்கிறார்கள். அதனால்தான் படம் வாழ்கிறது என்று சொல்வதில் எனக்கு ஒட்டுதல் இல்லை. படத்தில் உலகம் அழியும் தேதி 1997 ஆகஸ்ட் 29. அந்தத் தேதி வந்தது, போனது, நான் அன்றைக்கு ஏதோ ஒரு படத்துக்கு மாட்டு வண்டிச் சத்தம் கொடுத்துக்கொண்டிருந்திருப்பேன். படம் பயந்த சோவியத் சண்டையும், படம் வந்த அதே வருடக் கடைசியில் சோவியத்தே இல்லாமல் போனதில் முடிந்தது. ஜோசியம் பொய்த்த பிறகும் படம் நிற்கிறதே, அதைத்தான் விளக்கவேண்டும்.

டைசன் சாகும் காட்சியைப் பாருங்கள். இல்லை, கேளுங்கள். தன் வாழ்நாள் உழைப்பைத் தானே வெடிவைத்துத் தகர்க்க வந்தவன் குண்டடிபட்டுக் கிடக்கிறான். கையில் ஒரு கனமான பொருள், அதை வெடியின் விசைக்கு மேலே பிடித்திருக்கிறான். கை விழுந்தால் கட்டடம் போகும். உள்ளே வந்த அதிரடிப் போலீஸ் பார்க்கிறது, தெறித்து ஓடுகிறது. அதுவரை வெடியும் கண்ணாடியுமாகக் காதைப் பிளந்த படம் சட்டென்று ஓய்கிறது. மிச்சம் இருப்பது ஜோ மார்டனின் மூச்சு. வெட்டி வெட்டி, குட்டி குட்டியாக, இழுத்து இழுத்து. ஒன்று. இன்னொன்று. நின்றுவிடுகிறது. கை இறங்குகிறது.

மூச்சே வாங்காத வில்லனையும், மூச்சால் மட்டுமே சாகிற மனிதனையும் ஒரே படத்தில் வைத்தார்கள் பாருங்கள், அது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் வேலையில் புதுப் பையன்களுக்கு நான் முதலில் போட்டுக்காட்டுவது இதைத்தான். வெடிச் சத்தத்துக்கு ஆயிரம் ஃபைல் கம்ப்யூட்டரில் கிடைக்கும், வெடிக்கு முன்னால் என்ன கேட்கவேண்டும் என்பது எந்த ஃபைலிலும் இல்லை.

1992 ஆஸ்கரில் படத்துக்கு நான்கு விருது. காட்சி எபெக்ட்ஸ், ஒப்பனை, ஒலி, ஒலி எபெக்ட்ஸ் எடிட்டிங். நான்கில் இரண்டு காதுக்கு! இரண்டிலும் ரைட்ஸ்ட்ராம் பெயர் உண்டு. முதல் பாகத்துக்கு ஒரு பரிந்துரைகூடக் கிடைக்காமல், இரண்டாம் பாகம் ஆஸ்கர் வாங்கியதும் இதில்தான் முதல் தடவை. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்கவேண்டிய படங்களின் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொண்டது. அடுத்தடுத்து 2003, 2009, 2015, 2019 என்று நான்கு பாகங்கள் வந்தன. எதையும் கேமரூன் இயக்கவில்லை. கடைசியில் லிண்டா ஹாமில்டன் நரைத்த தலையோடு வந்தபோது விசிலடித்தேன். மற்றபடி அவற்றில் எது எந்தக் கதை என்று கேட்டால் எனக்குக் குழம்பிவிடும். கணினி மலிவாகிவிட்டது, ஐந்து நிமிடம் ஐம்பது நிமிடமாகிவிட்டது, எதுவும் எதிலும் இடிப்பதில்லை.

ஸ்டான் வின்ஸ்டனின் பட்டறை ஒருநாள் நம் பக்கமும் வந்தது. அவர் 2008இல் இறந்த பிறகு அவரிடம் தொழில் கற்றவர்கள் லெகசி எபெக்ட்ஸ் என்று ஆரம்பித்தார்கள். ஷங்கரின் 'எந்திரன்' படத்தில் ரஜினியின் இயந்திர உருவங்களைச் செய்தது அவர்கள்தான். ஒலி அமைத்தவர் ரசூல் பூக்குட்டி. தியேட்டரில் அந்த இயந்திரத் தலை திரும்பியபோது, பக்கத்துச் சீட்டில் அண்ணன் இருப்பதாக நினைத்து ஒரு கணம் மணிக்கட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

போன மாதம் பேரன் செல்போனில் கம்பிக் காட்சியைப் போட்டு, "தாத்தா, இது நாய்ச் சோறுன்னு சொன்னீங்களே, நம்பவே முடியல" என்றான். எங்கள் வீட்டில் நாய் கிடையாது. முதல் நாள் கேப்பைக் களி மிச்சம் இருந்தது. கொஞ்சம் மோர் விட்டுப் பிசைந்து, காலி பால்பவுடர் டப்பாவில் காற்றுப் புகாமல் அழுத்தி அடைத்து, ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்தேன். பழைய மைக்கைப் பரணிலிருந்து இறக்கினான் பேரன். மின்விசிறியை அணைத்தோம். ஜன்னலைச் சாத்தினோம். டப்பாவைக் கவிழ்த்துப் பிடித்தேன்.

முதலில் ஒன்றும் இல்லை. களி அசையவே இல்லை. டப்பாவின் அடியில் ஆணியால் ஒரு பொட்டு ஓட்டை போட்டேன். அதன் வழியாகக் காற்று 'ஸ்ஸ்' என்று இழுத்தது. பிறகு உள்ளே எங்கேயோ ஒரு 'ளொ...ளொப்', அப்புறம் நீளமாக, வழுக்கிக்கொண்டு, நிற்காமல், உதட்டை யாரோ பிரிக்கிற மாதிரி ஒரு சத்தம் தட்டுக்கு இறங்கியது. பேரனுக்கு வாய் மூடவில்லை. ஹெட்போனை என் காதில் வைத்தான். கம்பிக்குள் நுழைந்துகொண்டிருந்தான் அவன்.

அடுப்படியிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "ஏங்க, பாத்ரூம் குழாய் மறுபடியும் அடைச்சுக்கிச்சா?"